கச்சான் காலத்துப் பழைய வீடு: வேலையைக் கூரையில் தொடங்குங்கள்

மின்கட்டணத்தைக் குறைக்க நினைக்கும் திருகோணமலைக்காரர் பெரும்பாலும் மின்குமிழை மாற்றுவதில் தொடங்குவார். அது தவறான வேலையன்று. ஆனால் ஒரு பழைய வீட்டில் அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. நமது ஊரில் வீட்டு மின்சாரத்தின் பெரும்பங்கு வெப்பத்தோடு போராடுவதற்கே செலவாகிறது. மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, வசதியுள்ள வீடுகளில் ஏ.சி. ஆகிய மூன்றும் வீட்டுக்குள் வந்துவிட்ட சூட்டுக்குப் பதில் சொல்லும் சாதனங்களே. அந்தச் சூடு எந்த வழியாக உள்ளே வருகிறது என்று பார்த்து, அந்த வழியை மறித்த பிறகே சாதனங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்பது உவர்மலையில் எங்கள் பெற்றோரின் வீட்டைக் கொஞ்சங் கொஞ்சமாகத் திருத்திவந்த அனுபவத்தில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து.

இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளிற் பெரும்பாலானவை குளிர்நாட்டு வீடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. கதவிடுக்குகளை அடையுங்கள், காற்றுப் புகும் துவாரங்களை மூடுங்கள், தெற்குப் பக்கத்து வெயிலை உள்ளே விடுங்கள் என்று அவை சொல்லும். கனடாவிலோ இங்கிலாந்திலோ இருக்கும் உறவினர்கள் நல்லெண்ணத்துடன் அனுப்பும் அந்த அறிவுரைகளை இங்கே அப்படியே நடைமுறைப்படுத்தினால், வீடு முன்னிலும் மோசமாகும். அங்கே வெப்பத்தை உள்ளே பிடித்து வைக்க வேண்டும். இங்கே அதை உள்ளே விடாமலிருக்க வேண்டும், தப்பி வந்ததை இரவில் வெளியேற்ற வேண்டும்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்ந்தன. பின்னர் சில தடவைகள் குறைத்தார்கள் என்றாலும், அந்த இரண்டு உயர்வுகளும் மின்கட்டணப் பட்டியலை ஒழுங்காக வாசிக்கும் பழக்கத்தை வீடுதோறும் உண்டாக்கிவிட்டன. எனக்கோ, கட்டணத்தைவிட மின்வெட்டே அதிகம் கற்றுத்தந்தது. மின்விசிறிகள் நின்றுபோன அந்தப் பகல்களில், தட்டோடு வேய்ந்த பழைய முன்பகுதியில் எப்படியோ இருக்க முடிந்தது. பிற்காலத்தில் சீற் (கூரைத் தகடு) போட்டுச் சேர்த்த பின்பக்கத்து அறையில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பத்து நிமிடங்கூட இருக்க முடியவில்லை. வீடும் சுவரும் மனிதரும் ஒன்றே. வேறுபட்டது கூரை மட்டும்.

இந்த ஊரின் வெயிலைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்ல வேண்டும். திருகோணமலை வடக்கு அகலாங்கு எட்டரைப் பாகையளவில் இருக்கிறது. ஆகவே ஆண்டுக்கு இரு தடவை, சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலும் ஓகஸ்ட் இறுதியிலும், நண்பகற் சூரியன் நமது தலைக்கு நேர்மேலே நிற்கிறது. இவ்விரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட மாதங்களில் அது நமக்கு வடக்கே இருக்கிறது. வடக்குப் பக்கம் குளிர்ச்சியானது என்று நூல்கள் சொல்வதை நம்பி இங்கே வீட்டைத் திட்டமிட முடியாமற் போவது இதனாற்றான்: மிகவும் சுடும் மாதங்களில் வடக்குச் சுவரிலும் வெயில் படுகிறது. அதே மாதங்களிற்றான் கச்சானும் வீசுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, ஈரமிழந்து, கிழக்கே இறங்கும்போது சூடேறிய உலர்காற்றாக நம்மை வந்தடைகிறது. கடல் பக்கத்திலேயே இருந்தும், கச்சான் பலமாக வீசும் நாட்களில் கடற்காற்று கரையேறப் பிந்துகிறது. சில நாட்களில் ஏறுவதே இல்லை.

சூரியன் இவ்வளவு உயரத்தில் நிற்கும் ஊரில், ஒரு மாடி வீட்டின் மீது விழும் வெயிலின் பெரும்பகுதியைக் கூரையே வாங்குகிறது. வெயிலில் காய்ந்த ஓடோ சீற்றோ தன் சூட்டைக் கீழ்நோக்கிக் கதிர்வீச்சாக அனுப்புகிறது. காற்று அசையாவிட்டாலும் அந்தச் சூடு வந்து சேரும். அடுப்புத் தணலுக்கு முன்னே நிற்கும்போது முகத்தில் உறைப்பது போன்றதே அது. சீற் அறையில் மின்விசிறியை எவ்வளவு வேகமாகச் சுழற்றினாலும் உச்சந்தலை காய்வது ஏன் என்பதற்கும் இதுவே காரணம். மின்விசிறி காற்றைத்தான் அசைக்கும், கதிர்வீச்சை அது தடுக்காது.

இதற்கு மலிவானதும் நம் கையாலேயே செய்யக்கூடியதுமான மறிப்பு, வன்பொருட் கடைகளில் சுருளாக விற்கும் அலுமினியத் தாள். ஓடு, மரம், சீமெந்து போன்ற சாதாரணப் பரப்புகள் சூடேறினால் தாம் வீசக்கூடிய வெப்பக்கதிரில் நூற்றுக்கு 90 பங்கு வரை வீசிவிடும். மினுங்கும் அலுமினியப் பரப்போ நூற்றுக்கு 5 பங்கு அளவே வீசும். ஆனால் இந்தக் குணம் வேலை செய்வதற்கு மினுங்கும் பக்கத்துக்கு முன்னால் காற்றிடைவெளி இருக்க வேண்டும். ஓர் அங்குலமாவது வேண்டும். தாளைச் சீற்றோடு ஒட்டிவிட்டு அதன் அடியில் பலகை வைத்து அழுத்திவிட்டால் செலவு வீண். மினுங்கும் பக்கம் கீழ்நோக்கி இருக்கட்டும். மேல்நோக்கி வைத்தால் ஓட்டிடுக்கால் விழும் தூசி படிந்து சில ஆண்டுகளில் மங்கிவிடும். கீழ்ப்பக்கத்தில் தூசி தங்காது.

எங்கள் முன்பகுதியில் கைமரங்களின் அடிப்பக்கத்தில் தாளை இழுத்து, மெல்லிய மரச்சட்டம் வைத்து ஆணி அடித்தோம். வேலையை முகட்டிலிருந்து தொடங்கித் தாழ்வாரத்தை நோக்கி இறங்க வேண்டும்; மேல் வரிசைத் தாள் கீழ் வரிசையின் மேல் ஒரு சாண் அளவு படிந்திருக்க வேண்டும். அப்படியிருந்தால் வாடை மழையில் ஒழுகும் ஓட்டின் நீர் தாளின் மேலாகவே வழிந்து தாழ்வாரத்தால் வெளியேறும். கடலுப்புக் காற்றில் சாதாரண ஆணி இரண்டு மாரிக்குள் துருவேறி உதிருமாதலால் நாகம் பூசிய ஆணியே வேண்டும். முகட்டோரத்தில் நான்கு விரல் இடைவெளி விடச் சொன்னவர் எங்களுக்கு உதவிக்கு வந்த முதிய மேசன். அறையைச் சுத்தமாக மூடிவிட வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டபோது அவர், "வேண்டாம் தங்கச்சி, ஓட்டுக்கும் தாளுக்கும் நடுவில நிக்கிற சூடு மேலால போக வழி விடுங்கோ. அடைச்சா அது திரும்பக் கீழதான் வரும்" என்றார். சூடேறிய காற்று மேலெழுந்து முகட்டால் வெளியேற, தாழ்வாரத்தால் புதிய காற்று உள்ளே இழுபடும். இதற்கு எந்த மின்சாரமும் தேவையில்லை.

இந்த வேலையில் உயிர் போகக்கூடிய ஓர் ஆபத்து இருக்கிறது. இதை யாரும் இலேசாக எடுக்கக்கூடாது. அலுமினியத் தாள் மின்சாரத்தைக் கடத்தும். பழைய வீடுகளில் மின்வடங்கள் கைமரங்களோடு ஓடுகின்றன. ஓர் ஆணி வடத்தைத் துளைத்தால் தாள் முழுவதிலும் மின்சாரம் பாயும். ஆஸ்திரேலியாவில் 2009, 2010ஆம் ஆண்டுகளில் அரசு செலவில் வீட்டுக் கூரைகளுக்கு வெப்பக்காப்பு இடும் திட்டம் நடந்தபோது நான்கு இளம் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அவர்களில் மூவர் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள். ஆகவே பிரதான ஆளியை அணைத்த பிறகே கூரைக்குள் ஏறுங்கள். வடம் ஓடும் கைமரங்களில் ஆணி அடிக்காதீர்கள். மின்வடத்துக்கும் தாளுக்கும் இடையில் தாராளமாக இடைவெளி விடுங்கள். வடத்தின் உறை வெடித்தோ காய்ந்து உதிர்ந்தோ இருந்தால் கூரை வேலையை நிறுத்திவிட்டு, தகுதியுள்ள மின்னியலாளரை அழைத்து வடத்தை மாற்றுவதே முதல் வேலை. மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் ட்ரிப் சுவிச் இல்லாத பழைய வீடு என்றால் அதையும் அப்போதே பொருத்தச் சொல்லுங்கள்.

சீற் கூரைக்கு வெள்ளை பூசுவது இன்னொரு வழி. புதிய வெள்ளைப் பரப்பு தன் மீது விழும் வெயிலில் முக்காற் பங்குக்குக் குறையாமல் திருப்பி அனுப்பிவிடும். பாசி பிடித்துக் கறுத்த சீற் பெரும்பகுதியை விழுங்கிக்கொள்ளும். சுண்ணாம்பு மலிவு, ஆனால் ஒரு மாரி மழையோடு கரைந்துவிடும். கூரைக்கென்று விற்கும் வெள்ளைப் பூச்சு விலை கூடினாலும் சில ஆண்டு நிற்கும். அஸ்பெஸ்டஸ் சீற்றாக இருந்தால் அதைக் கம்பித் தூரிகையால் தேய்க்கவோ, காய்ந்த நிலையில் துளையிடவோ, வெட்டவோ வேண்டாம். அதன் நார்த்தூசி நுரையீரற் புற்றுநோயை உண்டாக்கும். நனைத்து, மென்மையான தூரிகையால் பாசியைத் தள்ளி, முகக்கவசத்துடன் பூசலாம். சீற்றின் மேல் நேரடியாகக் கால் வைக்காமல், சட்டங்கள் மீது பலகை போட்டு அதில் நின்று வேலை செய்ய வேண்டும். பழைய சீற் ஓர் ஆளின் பாரத்தைத் தாங்காது. நடுத்தர வயதைத் தாண்டியவர்கள் இந்த வேலையைக் கூலிக்குக் கொடுப்பதே நல்லது.

போர்க்காலத்தில் ஓடு உடைந்த வீடுகளுக்குக் கிடைத்ததைப் போட்டு மூடினோம். அன்றைக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆனால் இன்றைக்கு நல்ல தட்டோட்டுக் கூரையைக் கழற்றிவிட்டுச் சீற் போடுகிறவர்களைப் பார்க்கும்போது மனம் நோகிறது. ஒழுக்கு நிற்கும் என்பது உண்மை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு கச்சானிலும் மின்கட்டணமாக ஒரு தொகை போய்க்கொண்டேயிருக்கும். உடைந்த ஓட்டை மாற்றி, முகட்டுச் சாந்தைப் புதுப்பித்தாலே பெரும்பாலான ஒழுக்குகள் நிற்கும்.

கூரைக்கு அடுத்தது மேற்குச் சுவர். உள்ளங்கையை இரவு ஒன்பது மணிக்கு அதன் உட்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பகலெல்லாம் குடித்த வெயிலை அது அப்போதுதான் அறைக்குள் விட்டுக்கொண்டிருக்கும். ஒன்பது அங்குலச் செங்கற் சுவரில் வெளிப்பக்கத்துச் சூடு உட்பக்கம் வந்துசேரப் பல மணித்தியாலங்கள் எடுக்கும். ஆகவே மாலை நான்கு மணி வெயில் நாம் படுக்கப்போகும் நேரத்தில் வந்து சேர்கிறது. நண்பகல் வெயிலைத் தாழ்வாரம் மறித்துவிடும். ஆனி மாதத்து நண்பகலில் இரண்டடி நீண்ட தாழ்வாரம் வடக்குச் சுவரில் ஏழடிக்குக் கீழே வரை நிழல் தரும். ஆனால் மாலையில் வடமேற்கிலிருந்து சாய்ந்து வரும் வெயிலுக்கு எந்தத் தாழ்வாரமும் போதாது. அதற்கு நிமிர்ந்து நிற்கும் மறைப்பு வேண்டும்.

அந்த மறைப்புக்கு நமது கிடுகுத் தட்டியை விடச் சிறந்தது எதையும் நான் காணவில்லை. சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி இரண்டு கம்பு நட்டு, மேலே குறுக்குக் கம்பு கட்டி, கிடுகை நிரைக்கலாம். சுவருக்கும் தட்டிக்கும் இடையே காற்று ஓடவேண்டும். கிடுகு சூடேறினாலும் அந்தச் சூட்டைக் காற்று கொண்டுபோய்விடும். சித்திரையில் கட்டி, ஐப்பசியில் வாடை தொடங்குமுன் கழற்றி வைத்தால் ஒரே கிடுகு இரண்டு கச்சானுக்கு வரும். தட்டியின் இடத்தில் பாகற்கொடியோ பயற்றங்கொடியோ படரவிட்டவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கச்சான் காற்றில் கொடி கருகாமலிருக்க இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். வேம்பு நட இடமுள்ளவர்கள் இந்த மாரியிலேயே நட்டுவிடுங்கள். முற்றத்துக்குச் சீமெந்து போடுவதைத் தயவுசெய்து தவிருங்கள். கூட்டிப் பெருக்க இலகு என்று போடுகிறோம். அது வெயிலை வாங்கி யன்னல் வழியாக அறைக்குள் அனுப்புகிறது.

பழைய வீடுகளில் யன்னலுக்கும் கதவுக்கும் மேலே மரச்சலாகை வைத்த காற்றுத் துவாரங்கள் இருக்கும். நுளம்புக்கும் தூசிக்கும் பயந்து அவற்றைப் பலகையாலும் கடதாசி மட்டையாலும் அடைத்துவிட்ட வீடுகளே அதிகம். அவற்றைத் திறந்து உட்பக்கத்தில் நுளம்பு வலை அடியுங்கள். அறையின் மேற்பகுதியில் தேங்கும் சூடு போவதற்கு உள்ள ஒரே வழி அதுதான். யன்னல்களைப் பொறுத்தவரை, பகல் முழுவதும் திறந்து வைப்பது நல்லது என்ற பழக்கம் கச்சான் நாட்களுக்குப் பொருந்தாது. வீட்டுக்குள் இருப்பதைவிட வெளியே சூடாக இருக்கும் நேரத்தில் யன்னல் வழியாக வருவது சூடே. காலை ஒன்பது மணியளவில் மேற்குப் பக்கத்து யன்னல்களைச் சாத்தி, கிழக்குப் பக்கத்தைக் கடற்காற்று எழும்போது திறந்து, சூரியன் இறங்கிய பிறகு எல்லாவற்றையும் திறந்துவிட்டால், தடித்த சுவர்கள் இரவில் ஆறி அடுத்த நாள் நண்பகல் வரை உதவும்.

இவ்வளவுக்கும் பிறகே சாதனங்களுக்கு வருகிறேன். எந்தச் சாதனம் எவ்வளவு இழுக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வாங்கத் தேவையில்லை; வாசலில் இருக்கும் மின்மானி போதும். இலத்திரனியல் மானியில் ஒரு சிறு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும். ஓர் அலகுக்கு எத்தனை தடவை மின்னும் என்பது அதன் முகப்பிலேயே எழுதியிருக்கும். அது 1000 என்றால், 36 வினாடிக்கு ஒரு தடவை மின்னும்போது வீடு 100 வாட் இழுக்கிறது. 12 வினாடிக்கு ஒரு தடவை என்றால் 300 வாட். வேறு எண்ணாக இருந்தால், 36 இலட்சத்தை அந்த எண்ணாலும் மின்னல்களுக்கு இடைப்பட்ட வினாடிகளாலும் வகுத்தால் வாட் கிடைக்கும். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எல்லாம் நின்ற பிறகும் விளக்கு மின்னிக்கொண்டிருந்தால், செருகியபடியே கிடக்கும் தொலைக்காட்சிப் பெட்டியோ, டிஷ் பெட்டியோ, மின்கசிவோ காரணமாக இருக்கலாம். கசிவு என்று சந்தேகப்பட்டால் மின்னியலாளரைக் கூப்பிடுங்கள்.

நம் வீடுகளில் அதிக நேரம் ஓடுவது மின்விசிறி. பழைய கூரை மின்விசிறி 70 முதல் 80 வாட் வரை இழுக்கும், பி.எல்.டி.சி. எனப்படும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் உள்ள புதியது அதே காற்றுக்கு 30 வாட் அளவில் முடித்துவிடும். நாளுக்கு 12 மணித்தியாலம் ஓடும் ஒரு மின்விசிறியில் இது மாதத்துக்குச் சுமார் 16 அலகு மிச்சம். ஒப்பிட்டுப் பாருங்கள்: பழைய நான்கடி ரியூப் விளக்கை எல்.ஈ.டி.க்கு மாற்றினால், இரவில் ஐந்து மணித்தியாலம் எரிப்பவருக்கு மாதம் நான்கு அலகளவே மிஞ்சும். புதிய மின்விசிறி வாங்க வசதியில்லாதவர்கள், சுவரில் பெரிய பெட்டியாக இருந்து தொட்டால் சுடும் பழைய வேகக்கட்டுப்பாட்டை இலத்திரனியல் வகைக்கு மாற்றுங்கள். பழையது வேகத்தைக் குறைக்கும்போது மிஞ்சும் மின்சாரத்தைச் சூடாக வீணாக்குகிறது. ஆளில்லாத அறையில் மின்விசிறியை ஓடவிடுவதால் அறை குளிராது. உடலில் படும் காற்றே குளிர்ச்சி தருகிறது, மோட்டாரோ அறைக்குச் சிறிது சூட்டையே சேர்க்கிறது.

குளிர்சாதனப் பெட்டியை மேற்குச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் இடம் மாற்றுங்கள். பின்பக்கத்தில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். கதவின் இறப்பரில் ஒரு கடதாசித் துண்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் குளிர் கசிகிறது. பல சமயங்களில் இறப்பரைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து, அழுக்கெடுத்து, சுடுநீரில் நனைத்த துணியால் ஒற்றினாலே அது மீண்டும் பொருந்திக்கொள்ளும். கிணற்று மோட்டாரையும் கவனியுங்கள்: ஒரு குதிரைவலு மோட்டார் நாளுக்கு அரை மணித்தியாலம் ஓடினாலே மாதம் 15 அலகளவு வரும். கிணற்றடி வால்வு கசிந்தாலோ, குளியலறைக் குழாய் சொட்டினாலோ அந்த அரை மணித்தியாலம் ஒரு மணித்தியாலமாகிவிடும்.

இந்தச் சின்னச் சின்ன அலகுகளுக்கு இவ்வளவு முக்கியம் கொடுப்பதற்கு நமது கட்டண முறையே காரணம். மாதப் பாவனை 60 அலகைத் தாண்டியதும் நாம் வேறொரு கட்டண அட்டவணைக்குள் போகிறோம். அதில் முதல் அலகிலிருந்தே விலை கூடுதல். அதற்கு மேலும் 90, 120, 180 என்று படிகள் இருக்கின்றன. அலகின் விலையோடு நிலையான கட்டணமும் ஏறிச்செல்கிறது. நாம் மிச்சப்படுத்துவது எப்போதும் கடைசிப் படியில் இருக்கும் விலை கூடிய அலகுகளைத்தான். ஆகவே பட்டியலில் உங்கள் பாவனை எந்தப் படியின் விளிம்பில் நிற்கிறது என்று முதலில் பார்த்து, அதற்குக் கீழே இறங்க எந்த வேலை போதுமென்று கணக்குப் போடுங்கள்.

கூரை வேலைக்கு ஏற்ற காலம் தை நடுப்பகுதிக்கும் பங்குனிக்கும் இடைப்பட்ட நாட்கள். வாடை மழை ஓய்ந்திருக்கும், ஓடு காய்ந்திருக்கும், கூரைக்குள் ஏறினால் மயக்கம் வராது. வைகாசியில் ஏறுவதென்றால் காலை எட்டு மணிக்குள் இறங்கிவிடுங்கள். வயதான பெற்றோருக்காக ஏ.சி. வாங்க எண்ணியிருப்பவர்கள், கூரையை முடித்து ஒரு கச்சான் காலத்தைக் கழித்த பிறகு அந்த அறைக்கு அது இன்னும் தேவைதானா, தேவையென்றால் எந்த அளவு போதும் என்று தீர்மானிக்கலாம். அதற்கு முன் வாங்கினால், கடைக்காரர் கூரையின் சூட்டுக்கும் சேர்த்தே அளவு சொல்லுவார்.